ஒரு சீட்டும் பதினோரு போன் காலும்



பி.காம் படிக்கிற பையன் பைக் சீட்டைப் பத்தி என்ன எழுதிடப் போறான்னு நீங்க நினைக்கலாம். தப்பில்லை. 2025 ஜூன் மாசம் வரைக்கும் எனக்கும் சீட்டுன்னா உட்கார்ற ஒரு சாமான், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு மாசத்துல ஒரு சீட்டுக்காக பதினோரு தடவை போன் பண்ணி, ஆறு மெயில் அனுப்பி, அப்பாகிட்ட ஒரு தடவை தலைகுனிஞ்சு நின்னு, கடைசியில சட்டப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதாப் போச்சு. மூணு வருஷ வகுப்புல 'கஸ்டமர் சர்வீஸ்'னு படிச்சதை விட அந்த ஒரு மாசத்துல கத்துக்கிட்டது அதிகம். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எங்க ஊர் ஆவூர். புதுக்கோட்டை மாவட்டம்தான், ஆனா எங்களுக்கு எல்லாத்துக்கும் திருச்சிதான் பக்கம். ஒரு பக்கம் விராலிமலை, இன்னொரு பக்கம் மாத்தூர். பெரியநாயகி மாதா கோயில்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ஊர் ஞாபகம் வரும். அப்பா வெல்டர். முன்னாடி மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில வேலை பார்த்தார். பெல் கம்பெனி ஆர்டரை நம்பி இருந்த பட்டறைகள் அங்க நிறைய. ஆர்டர் குறையக் குறைய அப்பா மாதிரி ஆளுங்க வேற இடம் தேட வேண்டியதாச்சு. இப்ப துவாக்குடி பக்கம் ஒரு பட்டறைக்குப் போறார். போக வர தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டியிலதான்.

வண்டி 2010 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். டேங்க்ல இன்னும் 'ஹீரோ ஹோண்டா'ன்னுதான் இருக்கு. அந்த ரெண்டு கம்பெனியும் பிரிஞ்சு, 2011-ல ஹீரோ மோட்டோகார்ப்னு பேர் மாறினதெல்லாம் எங்க வண்டிக்குத் தெரியாது. இன்ஜின் பிரமாதம். சீட்டுதான் போச்சு. ரெக்சின் தையல் விட்டு, மழைத் தண்ணி உள்ள இறங்கி, நுரை அமுங்கி, நடுவுல ஒரு பள்ளம். மழை பெஞ்ச மறுநாள் காலையில உட்கார்ந்தா பேண்ட் நனையும். அப்பா ஒரு பாலிதீன் பையை மேல மாட்டிக்கிட்டு ஓட்டிட்டு இருந்தார். ராத்திரி வந்ததும் சுவத்துல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்து, அம்மாகிட்ட தைலம் கேப்பார். கேட்டா "பட்டறையில குனிஞ்சு வேலை பார்க்கறேன்ல, அதான்"பார். சீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். செலவு வைக்கக் கூடாதாம்!

நான் ஞாயித்துக்கிழமையில கேட்டரிங் வேலைக்குப் போவேன் (கல்யாண மண்டபத்துல இலை போட்டு சாம்பார் ஊத்தற வேலைதான், வெளிய சொல்லிக்கறதுல வெட்கம் ஒண்ணும் இல்லை). ஒரு நாளுக்கு ஐநூறு ரூபாய். நாலு ஞாயிறு சம்பளம் ரெண்டாயிரம் கையில இருந்தது. அப்பாவுக்குத் தெரியாம ஒரு புது சீட் வாங்கி மாட்டிடலாம்னு முடிவு பண்ணேன். ஆச்சரியப்படுத்தணுமாம். அங்கதான் ஆரம்பிச்சது சனி.

நெட்ல தேடினேன். பைக் சாமான் மட்டும் விக்கிற ஒரு இணையக் கடை. பேர் வேண்டாம். 'கம்ஃபர்ட் சீட், எக்ஸ்ட்ரா குஷன், ஸ்ப்ளெண்டர் அனைத்து மாடல்களுக்கும் பொருந்தும்'னு போட்டிருந்தது. விலை 1,890 ரூபாய். நாலரை நட்சத்திரம். கருப்பு ரெக்சின்ல சிவப்பு நூல் தையல். பார்க்கவே ஜோரா இருந்தது. ஜூன் 2 திங்கக்கிழமை பணம் கட்டினேன், 7 சனிக்கிழமை பார்சல் வந்துடுச்சு. அதுவரைக்கும் அவங்களோட சர்வீஸைக் குறையே சொல்ல முடியாது. பணம் வாங்கினதுக்கு ஒரு மெசேஜ், பேக் பண்ணதுக்கு ஒண்ணு, வண்டி ஏத்தினதுக்கு ஒண்ணு, திருச்சி வந்ததுக்கு ஒண்ணு. சொந்தக்காரங்க கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க.

சாயங்காலம் அப்பா வர்றதுக்குள்ள மாட்டிடணும்னு பரபரன்னு பிரிச்சேன். சீட்டோட முன்பக்கம் அடியில ஒரு நாக்கு இருக்கும், அது டேங்குக்குப் பின்னாடி இருக்கற இடத்துல போய் சொருகணும். பின்னாடி ரெண்டு பக்கமும் போல்ட். நாக்கு உள்ள போகலை. கொஞ்சம் தடிமனா இருந்தது. அப்பாவோட டூல்ஸ் பெட்டியில இருந்து அரத்தை எடுத்து ராவினேன். ஒரு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். இப்ப நாக்கு உள்ள போச்சு. ஆனா பின்னாடி போல்ட் ஓட்டை ரெண்டும் ஒரு விரல் அகலம் தள்ளி நிக்குது! இழுத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மேல ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். ம்ஹூம். பழைய சீட்டையே மாட்டி, புதுசை அட்டைப் பெட்டியோட பரண்ல ஒளிச்சு வச்சேன்.

அன்னைக்கு ராத்திரியே புகார். முதல்ல பேசினது மனுஷன் இல்லை, சாட் பெட்டி. "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஆரம்பிச்சது. நான் 'சீட் பொருந்தலை'ன்னு அடிச்சா, 'உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக டெலிவரி செய்யப்பட்டது'ங்குது. அது வந்ததுதான் தாயே பிரச்சனை! அப்புறம் ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தாங்க. அப்புறம் போன்.

முதல் நாலு கால்ல நாலு வேற வேற ஆளுங்க. நாலு பேர்கிட்டயும் முதல்ல இருந்து கதை சொன்னேன். ஒருத்தர் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்னு கேட்டார். எடுக்கலை. ஒருத்தர் 48 மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுவோம்னார். கூப்பிடலை. எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசினாங்க, அதைச் சொல்லியே ஆகணும். "உங்கள் பொறுமைக்கு நன்றி சார்"னு அவங்க சொல்லும்போது எனக்குப் பொறுமை போய் ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

அஞ்சாவது கால்ல ஒரு அக்கா எடுத்தாங்க. பேச்சுல திருநெல்வேலி வாடை. நான் பாட்டுக்குக் கத்த ஆரம்பிச்சேன். அவங்க முழுசாக் கேட்டுட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, கோவப்படாதீங்க. ஒரு ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. நம்ம பழைய சீட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுங்க. அளவு தெரிஞ்சா அவங்களால இல்லைன்னு சொல்ல முடியாது"ன்னாங்க. அந்த 'அவங்களால'ங்கிற வார்த்தை எனக்கு அப்புறமாத்தான் உறைச்சது. அவங்களும் அதே கம்பெனிக்காகத்தான் பேசறாங்க. ஆனா முடிவெடுக்கறவங்க 'அவங்க'. யாரோ. எங்கேயோ.

சொன்ன மாதிரியே ஸ்கேல் வச்சு நாலு போட்டோ அனுப்பினேன். ரெண்டு நாள்ல பதில் வந்தது: 'பொருளில் வாடிக்கையாளரால் மாற்றம் செய்யப்பட்டுள்ளதால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' முதல்ல புரியலை. அப்புறம் என் போட்டோவை நானே பெருசு பண்ணிப் பார்த்தேன். நாக்குல அரம் போட்ட கோடு பளிச்சுன்னு தெரியுது! ஸ்கேலை வேற அதுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன். நானே சாட்சி, நானே குற்றவாளி.

அடுத்து நான் செஞ்சதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. ஆறாவது கால்ல இருந்து, "எனக்குத் தெரியாது சார், வரும்போதே அப்படித்தான் இருந்தது"ன்னு சாதிக்க ஆரம்பிச்சேன். அவங்க நம்பலை. நம்பறதுக்கு ஒண்ணும் இல்லையே! ஒன்பதாவது கால் வரைக்கும் அதே பாட்டு.

நடுவுல ஒரு நாள் கல்லூரி முடிஞ்சு திருச்சியில ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட கடை, ஏசி, சுவர் பூரா சீட்டும் ஹெல்மெட்டும். "ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு சீட் வேணும்ணே, அப்பா தினமும் ரொம்ப தூரம் ஓட்டறாரு"ன்னேன். கடைக்காரர் ஒரு சீட்டைக் காட்டி, "அமுக்கிப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கும்"னார். இருந்தது. "பொருந்தலைன்னா மாத்தித் தருவீங்களா?" "அதெல்லாம் பொருந்தும்." "பொருந்தலைன்னா?" "பொருந்தும்ங்க." "பில்?" "பில்லு போட்டா ஜி.எஸ்.டி தனி." பக்கத்துலயே போர்டு: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' அப்படியே திரும்பி வந்துட்டேன். ஒரு தடவை சூடு பட்டவன்ல.

என் நண்பன் ஒருத்தன்தான் சொன்னான், "மாப்ள, புது சீட்டு எதுக்கு? விராலிமலையில ஒரு பாய் இருக்கார். எங்க மாமா வண்டிக்கு அவர்தான் போட்டார். அப்பாவையும் கூட்டிட்டுப் போ." அப்பாவைக் கூட்டிட்டுப் போனா ரகசியம் உடைஞ்சிடுமே! ஆனா வேற வழி இல்லை. பழைய சீட்டைத் தைக்கலாம்னு மட்டும் சொல்லி ஜூன் 15 ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன்.

கடைன்னு சொல்ல முடியாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தையல் மெஷின், மூலையில பல நிறத்துல நுரைத் துண்டுங்க, ரெக்சின் ரோல், ஒரு பெரிய கத்தி. பாய் சீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதானே ஓட்டுறது? எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?"

அப்பா சொன்னார்.

"வலி எங்க? இடுப்புலயா, உட்கார்ற எலும்புலயா?"

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டுல நாங்க யாரும் கேட்காத கேள்வி அது. கொஞ்ச நேரம் கழிச்சு, "உட்கார்ற இடத்துலதான் பாய். அப்புறம் மேல ஏறுது"ன்னார். பல மாசமா குனிஞ்சு வேலை பார்க்கறதாலன்னு சொல்லிட்டு இருந்த மனுஷன்!

"பின்னாடி யாரு உட்காருவா?"

"வீட்டுக்காரம்மா. ஒரு பக்கமா உட்காருவாங்க."

"அப்ப நடுவுல இருக்கற பெல்ட்டை எடுக்கக் கூடாது. இப்ப பசங்க அழகுக்குன்னு எடுக்கச் சொல்றாங்க. நான் எடுக்க மாட்டேன்."

(பாய் சொன்னதுல சட்டமும் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 123-வது விதி, பின்னாடி உட்கார்றவங்க பிடிச்சுக்கப் பிடி, கால் வைக்க மிதி, சேலை சிக்காம சக்கரத்துக்குத் தடுப்பு இதெல்லாம் கட்டாயம்னு சொல்லுது. பல ஸ்டைல் சீட்டுகள்ல முதல்ல காணாம போறது அந்தப் பெல்ட்டுதான்.)

அப்புறம் அப்பாவை வண்டி மேல உட்கார வச்சு, சாக்பீஸால ரெண்டு கோடு போட்டார். அவர் பேசிக்கிட்டே செஞ்சதுல நான் புரிஞ்சுக்கிட்டது இது. சீட்டுக்கு மூணு பாகம். அடியில தட்டு, நடுவுல நுரை, மேல உறை. தட்டு நல்லா இருந்தா அதை மாத்தவே கூடாது, ஏன்னா அதுதான் வண்டியோட சேர்ந்து பிறந்தது, அது மட்டும்தான் கச்சிதமாப் பொருந்தும். நுரையில விஷயம் டென்சிட்டி. ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ எடைங்கிற கணக்கு. '32', '40'ன்னு கடையில சொல்றது அதைத்தான். எடை கூடின நுரை சீக்கிரம் அமுங்காது. மெத்துன்னு இருக்கறது எல்லாம் நல்ல சீட் கிடையாது. கடையில விரலால அமுக்கிப் பார்க்கும்போது மெத்துன்னு இருக்கறது, அரை மணி நேரம் உட்கார்ந்தா முழுசா அமுங்கி, எலும்பு நேரா தட்டுல போய் உட்காரும். அதனால அடியில கெட்டி நுரை, மேல ஒரு அடுக்கு மட்டும் மெத்துன்னு. அதுக்கு மேல, ரெக்சினுக்குக் கீழ, ஒரு பாலிதீன் தாள். தையல் வழியா தண்ணி இறங்கினாலும் நுரை குடிக்காது.

அப்பா அந்தப் பாலிதீன் தாளைப் பார்த்து சிரிச்சார். "நான் மேல போட்டுட்டு இருந்தேன் பாய்."

"எவ்வளவு?"ன்னேன். 950. "எப்ப கிடைக்கும்?" நாளைக்கு சாயங்காலம். பில் இல்லை. ஒரு அட்டைத் துண்டுல எங்க போன் நம்பரை எழுதி ஆணியில குத்தினார், அவ்வளவுதான்.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன், இல்லைன்னா பாயைத் தெய்வமாக்கிட்டேன்னு சொல்லுவீங்க. திங்கக்கிழமை சாயங்காலம் சீட் ரெடி ஆகலை. செவ்வாயும் ஆகலை. புதன்கிழமைதான் கிடைச்சது. அந்த ரெண்டு நாளு கூடுதலா அப்பா பஸ் மாறி மாறி வேலைக்குப் போய், ஒரு நாள் லேட்டாகி, திட்டு வாங்கினார். போன் பண்ணினா பாய் எடுத்தார், அது ஒண்ணுதான் ஆறுதல். "நுரை வரலை தம்பி, கையில இருக்கறது மட்டமான சரக்கு, அதை வச்சுத் தைக்க மனசு வரலை"ன்னார். நிஜமோ, சாக்கோ. ஆனா சொன்ன ஆளும் தைக்கிற ஆளும் ஒருத்தரே.

சில நாள் ஓட்டிட்டு அப்பா, முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, தொடையை அழுத்துதுன்னார். மறுபடியும் போனோம். எனக்கு உள்ளுக்குள்ள பயம். கையில பில்லும் இல்லை, டிக்கெட் நம்பரும் இல்லை! பாய் அப்பாவை ஒரு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்தார். "ஆமாண்ணே, நான்தான் கூட வச்சுட்டேன்"ன்னு சொல்லி, ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, உறையை உரிச்சு, கத்தியால ஒரு சீவு. இருபது நிமிஷம். காசு கேட்கலை. 'தவறுக்கு வருந்துகிறோம்'னும் சொல்லலை. டீ வேணுமான்னு கேட்டார்.

வர்ற வழியில அப்பா கேட்டார், "பரண்ல ஒரு சீட் இருக்கே, அது என்ன?"

எப்பவோ பார்த்திருக்கார்! எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். "எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாம வண்டி ஓட்டிட்டு, "நீ அரம் போட்டதை அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லிட்டு அப்புறம் கேளு."

அவ்வளவுதான். முப்பது வருஷமா இரும்பை அளந்து வெட்டி ஒட்டற மனுஷன். ஒட்டுல தப்பு இருந்தா அதை மறைச்சு பெயின்ட் அடிக்கக் கூடாதுங்கிறது அவர் வேலையில பழகின பழக்கம். பெயின்டுக்குள்ள அது உடையும்.

அன்னைக்கு ராத்திரி பிசினஸ் லா புத்தகத்தை எடுத்தேன். பரீட்சைக்குப் பதினாறு மார்க்குக்காக மனப்பாடம் பண்ண சமாச்சாரம் எல்லாம் அங்க உயிரோட இருந்தது. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15: வருணனை சொல்லி விக்கிற பொருள், அந்த வருணனைக்கு ஒத்திருக்கணும். 'அனைத்து மாடல்களுக்கும் பொருந்தும்'ங்கிறது வருணனைதானே? பிரிவு 16: பொதுவா வாங்கறவன்தான் உஷாரா இருக்கணும், ஆனா எதுக்கு வாங்கறேன்னு விக்கிறவர்கிட்ட சொல்லி, அவரோட திறமையை நம்பி வாங்கினா, அந்தப் பொருள் அதுக்கு ஏத்ததா இருக்கணும். பாய் கேட்ட கேள்வியெல்லாம் இந்தப் பிரிவு 16 தானேன்னு தோணுச்சு. அவர் அதைப் படிச்சிருக்க மாட்டார்.

அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ல வந்த பழைய சட்டத்துக்குப் பதிலா 2019-ல புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலை 20-ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அதே மாசம் இணைய வணிகத்துக்குன்னு தனி விதிகள். புகார் வந்தா 48 மணி நேரத்துல ஒப்புகை தரணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். பில் தராம இருக்கறது, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்றது ரெண்டுமே நியாயமற்ற வணிகம்னு புதுச் சட்டம் சொல்லுது. பில்லுல கெடு எதுவும் போடலைன்னா முப்பது நாளுக்குள்ள திரும்ப எடுத்துக்கணும். அந்தக் கண்ணாடிக் கடை போர்டு ஞாபகம் வந்தது. (பாயும் பில் தரலைதான். சட்டம் அவருக்கும் ஒண்ணுதான். அதை மறைச்சா நான் மறுபடியும் அரத்தை ஒளிக்கிற மாதிரி.)

ஜூன் 23 திங்கக்கிழமை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணேன். என்னோட பத்தாவது கால். தமிழ்லயே பேச முடிஞ்சது. புகார்ல முதல் வரியே இப்படி எழுதினேன்: 'முன்பக்க நாக்கை நான் அரத்தால் சுமார் 2 மில்லிமீட்டர் ராவினேன். அது என் தவறு. ஆனால் பின்பக்க போல்ட் துளைகள் ஒன்றரை சென்டிமீட்டர் விலகியுள்ளன. துளையை யாரும் அரத்தால் நகர்த்த முடியாது. அனைத்து மாடல்களுக்கும் பொருந்தும் என்று விற்ற பொருள் என் மாடலுக்குப் பொருந்தவில்லை.' போட்டோவும் அதேதான். முன்னாடி எனக்கு எதிரா இருந்த அதே போட்டோ.

நாலாம் நாள் கம்பெனியில இருந்து அவங்களே கூப்பிட்டாங்க. இந்தத் தடவை பேசினவருக்கு முடிவெடுக்கற அதிகாரம் இருந்தது. குரல்லயே தெரிஞ்சது, 'சரிபார்த்துச் சொல்றேன்'ங்கிற வார்த்தையே வரலை. சீட்டை அவங்க செலவுல எடுத்துக்கறோம், ராவின பகுதிக்காக 120 ரூபாய் கழிச்சுக்கறோம்னார். ஒத்துக்கிட்டேன். ஜூலை 2-ஆம் தேதி 1,770 ரூபாய் கணக்குல வந்தது. பதினோராவது காலை நான் ஏன் பண்ணினேன்னு கேக்கறீங்களா? அந்தத் திருநெல்வேலி அக்காவுக்கு நன்றி சொல்ல. கிடைக்கலை. "எந்த ஏஜென்ட்டுக்கும் நேரா இணைப்பு கொடுக்க முடியாது சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

இப்ப யோசிச்சா, இந்தக் கதையில கெட்டவங்கன்னு யாரையும் காட்ட முடியலை. போன்ல பேசினவங்க எல்லாரும் நல்லவங்க. ஆனா பேசறவங்க கையில அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவங்க பேச மாட்டாங்க. நடுவுல ஒரு டிக்கெட் நம்பர். பாய்கிட்ட அந்த இடைவெளி கிடையாது. கேட்ட காதும், தப்புன்னு ஒத்துக்கிட்ட வாயும், சீவின கையும் ஒரே ஆளோடது. பாயோட பேச்சுல இனிப்பு கம்மி, நேரம் தவறினார், பில்லும் இல்லை. ஆனா தப்பை அப்பவே சரி பண்ற அதிகாரம் அவர்கிட்ட இருந்தது.

பொருளாதாரத்துல ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒருத்தர் 1970-ல பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்கறவனுக்குத் தெரியாதப்போ சந்தை எப்படிக் கெட்டுப் போகும்னு காட்டினதுக்காக 2001-ல நோபல் பரிசு கிடைச்சது. சீட் விஷயமும் அதேதான். ரெக்சினுக்குள்ள என்ன நுரைன்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு: யார் உட்காரப் போறாங்க, எங்க வலிக்குதுன்னு விக்கிறவருக்கும் தெரியாது. கேட்டாத்தான் தெரியும். அமெரிக்காவுல கார்பின்னு ஒரு பேர்போன சீட் கம்பெனி, கலிபோர்னியாவுல ஹாலிஸ்டர்ங்கிற ஊர்ல இருக்கு. அங்க தேதி வாங்கிட்டு வண்டியோடயே போனா, ஆளை உட்கார வச்சுப் பார்த்து சீட் செஞ்சு மாட்டி அனுப்பறாங்க. படிச்சப்போ சிரிப்பு வந்தது. நம்ம விராலிமலை கொட்டகையில நடந்ததும் அதுதானே! டீ மட்டும் நம்ம ஊர்ல ஓசி.

ஆனா எல்லா ஊர்லயும் ஒரு பாய் இருக்க மாட்டார். பெரிய கம்பெனியால எல்லாரையும் உட்கார வச்சுப் பார்க்கவும் முடியாது. அதனாலதான் சட்டம் வேணும். தெரிஞ்ச முகம் இல்லாத இடத்துல அந்த 1915 தான் நமக்குத் தெரிஞ்ச முகம். அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே கிடையாது, நாம குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும்.

கடைசியா, சீட் வாங்கப் போற மக்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. அடித்தட்டு நல்லா இருந்தா முழு சீட் வாங்காதீங்க. நுரையையும் உறையையும் மட்டும் மாத்துங்க. பழைய தட்டைத் தூக்கிப் போடாதீங்க.

2. இணையத்துல வாங்கறதா இருந்தா வண்டியோட மாடல், வருஷம் ரெண்டையும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. 'அனைத்து மாடலும்'னு போட்டிருந்தா அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து வைங்க.

3. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. பொருந்தலைன்னா அங்கேயே நிறுத்துங்க. அரத்தைத் தொடாதீங்க! (இதைப் பெரிய எழுத்துல படிக்கவும்.)

4. விரலால அமுக்கிப் பார்த்து வாங்காதீங்க. முடிஞ்சா கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்க.

5. பின்னாடி உட்கார்றவங்களையும் கூட்டிட்டுப் போங்க. பிடிக்கப் பெல்ட் இல்லாத சீட் வேண்டவே வேண்டாம்.

6. புகார் பண்ணும்போது உங்க பக்கத் தப்பை முதல் வரியிலேயே சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது.

அப்பா இப்பவும் அந்த வண்டியிலதான் துவாக்குடி போறார். ராத்திரி தைலம் கேக்கறது சுத்தமா நிக்கலை, ஆனா குறைஞ்சிருக்கு. குனிஞ்சு வேலை பார்க்கறதும் நிஜம்தானே. திரும்பி வந்த 1,770-ல பாய்க்குக் கொடுத்த 950 போக 820 மிச்சம். அதை அப்பாகிட்ட கொடுத்தேன். வாங்கிக்கலை. "அடுத்த தடவை எதையாவது எனக்கு வாங்கறதா இருந்தா, முதல்ல என்னைக் கேளு"ன்னார்.

கேட்டிருக்கணும். பாய் கேட்ட முதல் கேள்வியை, பார்சல் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும். ஆச்சரியப்படுத்தறேன்னு நெட்ல படம் பார்த்து வாங்கினதுல, நானும் அந்தக் கம்பெனி மாதிரிதான் நடந்திருக்கேன். உட்காரப் போறவரை ஒரு வார்த்தை கேட்கலை.

உங்க வீட்டு வண்டி சீட் எப்படி இருக்கு? இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. அப்படியே ஓட்டறவரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.